பெட்டியில் அச்சிட்ட வாட்டும் உள்ளே இருக்கும் வாட்டும்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்களைப் போன்றதல்ல, சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து வந்த கடிதம். அவருடைய மகன் லீசிங்கில் எடுத்த வேன் ஒன்றை ஓட்டுகிறார். கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகள், சனி ஞாயிறில் கல்யாண ஹயர். நல்ல 'செட்' இல்லாத வேனுக்கு ஹயர் வராது என்று நண்பர்கள் சொல்ல, உம்மாவின் சீட்டுப் பணத்தில் 12 அங்குல சப்-வூஃபர் இரண்டும் அதற்கொரு அம்ப்ளிஃபயரும் வாங்கிப் பூட்டியிருக்கிறார். மூன்றே வாரத்தில் அம்ப்ளிஃபயர் கொதித்து நின்றுவிட்டது. பூட்டிக் கொடுத்தவரோ, "பவர் போதாது, இதைவிடப் பெரிதாகப் போடுங்கள்" என்கிறாராம். மகனின் பார்வை இப்போது உம்மாவின் கைக்காப்பின் மீது விழுந்திருக்கிறது. "இரண்டாவது வாங்கினால் அதுவும் எரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

வேனில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது வேறொரு பேச்சு. அதை இன்று இங்கே இழுக்கப் போவதில்லை. கேள்வி காசையும் கரண்டையும் பற்றியது. அதற்குரிய பதிலையே எழுதுகிறேன். நல்ல வேளையாக, மகன் தம் கைப்பட ஒரு துண்டுக் கடதாசியில் விபரங்களை எழுதி வைத்திருக்கிறார். அம்ப்ளிஃபயரின் மூடியில் பெரிய எழுத்தில் 3000 வாட். கூட வந்த சிறு புத்தகத்தில் 4 ஓமுக்கு 350 வாட் ஆர்.எம்.எஸ்., 2 ஓமுக்கு 600 வாட் ஆர்.எம்.எஸ்., 2 ஓமுக்குக் கீழே இணைக்கக்கூடாது. பக்கத்தில் 30 அம்பியர் பியூஸ் இரண்டு. சப்-வூஃபரின் பெட்டியில் 1200 வாட். காந்தத்தின் பின்னால் ஒட்டிய தாளில் 300 வாட் ஆர்.எம்.எஸ்., ஒவ்வொன்றிலும் 4 ஓம் சுருள் இரண்டு. கடைசி வரி இப்படி இருக்கிறது: "பெற்றரிப் பக்கத்து 30 அம்பியர் பியூஸ் இரண்டு முறை போனது. மூன்றாம் முறை செப்பு வயர் சுற்றிவிட்டோம்."

தம்பி, மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். இதை வாசித்தவுடன் வேனுக்குப் போய், பெற்றரியிலிருந்து அந்த அம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றிவிடுங்கள். காலையில் அந்த வேனில் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

அம்ப்ளிஃபயர் பழுதாகாமல் இருப்பதற்காகவே பெற்றரிப் பக்கத்துப் பியூஸ் போடப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. அம்ப்ளிஃபயருக்கு அதனுடைய உடம்பிலேயே தனிப் பியூஸ் இருக்கிறது. ஆனால் பெற்றரி முன்னால் இருக்க, அம்ப்ளிஃபயர் பின் ஆசனத்தின் கீழே இருந்தால், நடுவே 5 மீற்றர் வயர் தகரத் துளைகளுக்கூடாகவும் ஆசனக் கம்பிகளுக்கு அடியாலும் போகிறது. வண்டி ஓட ஓட அந்த வயர் தகர விளிம்பில் உரசுகிறது. ஒரு நாள் அதன் மேலுறை அறுந்து செப்பு வண்டியின் உடலைத் தொட்டால், பெற்றரியின் இரு முனைகளும் நேரே சேர்ந்ததற்குச் சமம். சாதாரண வாகனப் பெற்றரி ஒன்று அந்த நிலையில் பல நூறு அம்பியரைக் கொட்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது கணக்கு. மேலுறை உருகி, அருகிலிருக்கும் கார்ப்பெட்டும் பஞ்சும் பற்றுவதற்கு அதிக நேரம் எடுக்காது. அம்ப்ளிஃபயரில் உள்ள பியூஸ்கள் இதைத் தடுக்கமாட்டா. ஏனென்றால் அவை வயரின் மறுமுனையில் இருக்கின்றன. கரண்டு அவ்வளவு தூரம் போவதே இல்லை. அதனால்தான் பியூஸைப் பெற்றரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் செப்பு வயரைச் சுற்றுவது காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதுதான்.

சரி, அந்தப் பியூஸ் ஏன் இரண்டு முறை போனது? அது ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி ஓம் கணக்கில் இருக்கிறது.

பள்ளிவாசல் அம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு 4, 8, 16 என்று அச்சிட்ட முனைகள் நினைவிருக்கும். ஹோர்ன்களைச் சேர்க்கும்போது மொத்தத் தடை எவ்வளவு வருகிறதோ அதற்குரிய முனையில்தான் வயரைப் பூட்ட வேண்டும். வாகன அம்ப்ளிஃபயரில் அப்படிப் பல முனைகள் இல்லை. இருக்கும் ஒரு முனைக்கு ஏற்றபடி நாம்தான் ஸ்பீக்கர் சுருள்களைச் சேர்த்துத் தடையை அமைத்துக் கொடுக்க வேண்டும். 1827 இல் ஜெர்மானியரான ஓம் எழுதி வைத்த விதி இரண்டுக்கும் ஒன்றுதான். தடை குறையக் குறைய ஓட்டம் கூடும்.

ஒரு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சனம் வெளியேற ஒரு வாசல் இருந்தால் ஓரளவு நெருக்கம். அதே அளவில் இன்னொரு வாசலைப் பக்கத்தில் திறந்தால் நெருக்கம் பாதியாகிறது. இதுவே சமாந்தர இணைப்பு: 4 ஓம் சுருள் இரண்டைச் சமாந்தரமாகச் சேர்த்தால் 2 ஓம். ஒரு வாசலைத் தாண்டிய பிறகு இன்னொரு வாசலையும் தாண்ட வேண்டியிருந்தால் நெருக்கம் இரட்டிப்பு. இது தொடர் இணைப்பு: 4 உம் 4 உம் சேர்ந்து 8 ஓம்.

இந்த மகனிடம் இருப்பவை 4 ஓம் சுருள்கள் நான்கு. நான்கையும் சமாந்தரமாகச் சேர்த்தால் 1 ஓம். நான்கையும் தொடராகச் சேர்த்தால் 16 ஓம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள இரண்டு சுருளைத் தொடராக்கி, பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் சமாந்தரமாக்கினால் 4 ஓம். எப்படிப் புரட்டிப் போட்டாலும் நான்கும் சமமாக வேலை செய்யும் வகையில் 2 ஓம் வரவே வராது. ஆனால் விற்கப்பட்டதோ 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாத அம்ப்ளிஃபயர். பூட்டியவர் "சத்தம் கூடும்" என்று எல்லாச் சிவப்பையும் ஒரு முனையிலும் எல்லாக் கறுப்பையும் மறு முனையிலும் முறுக்கிக் கட்டியிருக்கிறார். 1 ஓம்! அம்ப்ளிஃபயரின் பவர் ட்ரான்சிஸ்டர்கள் தாங்கக்கூடியதைப் போல இரு மடங்கு ஓட்டத்தைக் கொடுக்க முயன்று, நான்கு மடங்கு சூட்டை வாங்கி, செத்தன. பியூஸ் முதலில் எச்சரித்தது. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்.

ஆகவே சகோதரி, எரிந்தது பவர் போதாமையால் அல்ல. பெரிய அம்ப்ளிஃபயர் வாங்குவதால் இது தீரவும் மாட்டாது. 1 ஓமைத் தாங்கும் பெரிய அம்ப்ளிஃபயர் ஒன்றைக் காப்பை விற்று வாங்கிப் பூட்டினால், அது எரியாமல் நின்று 300 வாட் ஸ்பீக்கர் இரண்டையும் எரித்துவிடும். அப்போது "ஸ்பீக்கர் போதாது" என்பார்கள்.

'பவர் போதாமல் எரிந்தது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 500 வாட் ஸ்பீக்கருக்கு 150 வாட் அம்ப்ளிஃபயரைப் பூட்டினால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது, சத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் போதாதென்று ஆசாமி குமிழைத் திருகிக்கொண்டே போகும்போது, அம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டு, ஒலி அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டத் தொடங்குகிறது. முழுதாக வெட்டுப்பட்ட சதுர அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைப் போல இரு மடங்கு சக்தியை ஏற்றிச் செல்லும். 300 வாட் அம்ப்ளிஃபயர் அப்படிக் கதறினால் சுருளுக்குப் போவது 600 வாட் வரை ஏறலாம். சுருள் கருகுவது அந்த மிகுதியால். குற்றவாளி சின்ன அம்ப்ளிஃபயர் அல்ல, குமிழில் இருக்கும் கை.

இனி அந்த 3000 வாட்டைப் பார்ப்போம். இதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும். அம்ப்ளிஃபயரில் 30 அம்பியர் பியூஸ் இரண்டு என்றால் அது பெற்றரியிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது 60 அம்பியர். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட். 60 ஐ 13.8 ஆல் பெருக்கினால் 828 வாட். உள்ளே போவதே இவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 'டி' வகுப்பு அம்ப்ளிஃபயரானால் நூற்றுக்கு 80 அளவு ஸ்பீக்கருக்குப் போகும், பழைய 'ஏபி' வகுப்பானால் ஏறக்குறைய 50 இலிருந்து 60. நல்ல வகையென்றே வைத்தாலும் 660 வாட். சிறு புத்தகத்தில் எழுதிய 600 உண்மை என்பதும், மூடியில் எழுதிய 3000 அலங்காரம் என்பதும் இந்த ஒரு பெருக்கலில் தெரிந்துவிடுகிறது. டெக்குகளிலும் இதே கதைதான். '50 வாட் நான்கு' என்று முகத்தில் எழுதி, முதுகில் 10 அம்பியர் பியூஸ் வைத்திருப்பார்கள். 10 அம்பியரில் 140 வாட்கூட உள்ளே போகாது, 200 எங்கிருந்து வெளியே வரும்?

அமெரிக்காவில் மின்னியல் உற்பத்தியாளர் சங்கம் 2003 இல் 'சிஈஏ-2006' என்றொரு அளவுமுறையை வெளியிட்டது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒலித் திரிபு நூற்றுக்கு 1 ஐத் தாண்டாமல் தரக்கூடிய வாட்டையே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பெயர் பெட்டியில் இருந்தால் எண்ணை ஓரளவு நம்பலாம். இல்லாவிட்டால் பியூஸைப் பாருங்கள். பியூஸ் பொய் சொல்லாது, சொன்னால் நட்டம் தயாரித்தவனுக்கு.

அப்படியானால் இந்த வேனுக்கு என்ன செய்வது? என் அபிப்பிராயம், ஸ்பீக்கர்களை 4 ஓமாகச் சேர்த்துவிட்டு, இதே அளவு அம்ப்ளிஃபயரோடு திருப்திப்படுவது. 350 வாட் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் 175 வாட் போகும். 600 கிடைக்க வேண்டிய இடத்தில் 350 தானா என்று தம்பி வருந்த வேண்டாம். நம் காது வாட்டை அப்படியே எண்ணுவதில்லை. சக்தி இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 600 க்கும் 350 க்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல் சொச்சம். ஆசனத்தில் இருப்பவர் அதை அறியவும் மாட்டார், அம்ப்ளிஃபயரோ குளிர்ந்து கிடக்கும். (2 ஓமில் முழுச் சக்தியும்தான் வேண்டுமென்றால், 2 ஓம் சுருள் இரண்டுள்ள ஸ்பீக்கர்களை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவற்றைத் தொடராக்கி ஒவ்வொன்றையும் 4 ஆக்கி, இரண்டையும் சமாந்தரமாக்கினால் 2 வரும். வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.)

புதிதாக வாங்குமுன் பழையதை ரேடியோ திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இவ்விதம் எரிபவற்றில் பெரும்பாலும் போவது பவர் ட்ரான்சிஸ்டர்கள். பலகை கருகாமலிருந்தால் மாற்றலாம். ஸ்பீக்கர்களையும் சோதிக்க வேண்டும். மல்ட்டி மீற்றரை ஓமில் வைத்து ஒவ்வொரு சுருளையும் தனியாக அளந்தால், 4 ஓம் சுருள் நல்லதாயின் 3.2 க்கும் 3.8 க்கும் இடையில் ஏதாவது காட்டும். 4 காட்டவில்லையே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பூச்சியத்துக்குப் பக்கமாகக் காட்டினால் கருகி ஒட்டிவிட்டது. பிறகு இரு கைகளையும் விரித்து வைத்து கோனை மெதுவாக உள்ளே அமர்த்துங்கள். மணல் உரசுவது போன்ற சத்தம் வந்தால் சுருள் உருக்குலைந்திருக்கிறது. சேர்க்கும்போது 1.5 வோல்ட் டோர்ச் பெற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். பேஸ் வரவில்லையென்று மறுபடியும் குமிழில் கை போகும்.

வயர் விடயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த அளவுக்கு 4 கேஜ் செப்பு வயர் வேண்டும். 8 கேஜ் வயரில் 5 மீற்றர் தூரத்துக்கு 54 அம்பியர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 4 கேஜில் கால் வோல்ட்டுக்கும் குறைவு. கடையில் தடித்துப் பளபளப்பாகத் தொங்கும் மலிவு வயர்களில் பல, அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியவை. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியம் கரண்டைக் கடத்துவது செப்பில் ஐந்தில் மூன்று பங்கு அளவே. பெற்றரிப் பக்கம் 60 அம்பியர் பியூஸ், தகரத் துளைகள் தோறும் றப்பர் வளையம். பூமி வயரும் அதே தடிப்பில், குறுகியதாக, பெயின்ட் சுரண்டிய தகரத்தில் போல்ட்டால் இறுக்கியதாக இருக்க வேண்டும். அங்கே ஆணியில் சுற்றிவிட்டுப் போகும் வயரிங் பாஸ்மாரை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

தாளத்துக்குத் தாளம் ஹெட்லைட் மங்கினால், 'கப்பாசிட்டர் பூட்டுங்கள்' என்று சொல்வார்கள். ஒரு ஃபரட் கப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 13 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 13.5 ஜூல். இந்த அம்ப்ளிஃபயருக்கு அது ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குக் காணும். மின்சாரத்தை உண்டாக்குவது அல்டனேட்டர் ஒன்றுதான். பெற்றரி முனை துருப்பிடித்திருக்கிறதா, பூமி வயர் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. (ஓட்டோவில் கார் அம்ப்ளிஃபயரைப் பூட்டும் தம்பிமாரும் இதைச் சிந்திக்கட்டும். அந்தச் சிறு பெற்றரி அதற்காகப் பிறந்ததல்ல.)

கடைசியாகக் 'கெயின்' திருகி. இதைச் சத்தக் குமிழ் என்று எண்ணிக் கடைசி வரை திருகி வைப்பதே வழக்கமாகிவிட்டது. அது டெக் அனுப்பும் சமிக்ஞையின் உயரத்துக்கு அம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகி. சில டெக் 2 வோல்ட் அனுப்பும், சில 4 வோல்ட். பொருத்தும் முறை இதுதான். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். டெக்கில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில், அம்ப்ளிஃபயரில் பேஸ் பூஸ்ட் பூச்சியத்தில். என்ஜினை ஓடவிட்டு, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை டெக்கில் முக்கால் சத்தத்தில் போடுங்கள். நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹேர்ட்ஸ்; ஆகவே சாதாரண மீற்றரே சரியாக அளக்கும். மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து அம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். 350 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 1400, அதன் வர்க்கமூலம் 37.4. கெயினை அடியிலிருந்து மெல்லத் திருகி மீற்றர் 37 காட்டும் இடத்தில் நிறுத்தி, பேனாவால் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். முனைகளை வெறும் கையால் தொட வேண்டாம். இதற்குப் பிறகு டெக் குமிழ் முக்காலைத் தாண்டாதவரை அலை வெட்டுப்படாது.

டெக்கிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு மெல்லிய நீல வயர் ஒன்று வரும். அம்ப்ளிஃபயரை எழுப்புவதும் உறங்க வைப்பதும் அதுதான். அந்த வயரை நடுவில் வெட்டி ஒரு சிறு சுவிட்ச் பூட்டிவிட்டால், பாடசாலைப் பிள்ளைகள் ஏறும் நேரத்தில் சப்-வூஃபர் பேசாது. டெக்கின் சாதாரண ஸ்பீக்கரில் காலைச் செய்தி மட்டும் கேட்கும். அதில் ஓடுவது மிகச் சிறிய கரண்டு. ஆகையால் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் மலிவான சுவிட்ச் போதும்.